சிறைபிடித்த கலம்

1971 டிசம்பரில் வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படையைச் சேர்ந்த ஒரு பிரிவு வங்காள விரிகுடாவினுள் வந்ததை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அதனை நடத்தி வந்தது 'என்டர்பிரைஸ்' என்னும் அணுவாற்றல் விமானந்தாங்கிக் கப்பல். அப்பெயர் பிறந்த இடத்தைத் தேடிச் சென்றால், நாம் சென்று நிற்பது கடற்கரையில் அல்ல, ஓர் ஏரிக்கரையில்.

நியூயார்க், வெர்மான்ட் நிலங்களுக்கிடையே வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது சாம்ப்ளேன் ஏரி. அதன் நீர் ரிஷெலியூ ஆற்றின் வழியே கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றை அடைகிறது. இருமருங்கும் அடர்காடு சூழ்ந்திருந்த அந்நாளில், படை நடத்த நீர்வழியே பெருவழி. ஏரி யார் கையிலோ, நாட்டின் வாயில் அவர் கையில்.

அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த 1775ஆம் ஆண்டு மே 18 அன்று, பெனடிக்ட் அர்னால்டு என்ற தளபதி ஏறத்தாழ 35 பேருடன் இரவெல்லாம் துடுப்பு வலித்துச் சென்று, ரிஷெலியூ ஆற்றின் செயின்ட் ஜான் கோட்டையைத் திடீரெனத் தாக்கினார். அங்கே அவர் கைப்பற்றிய சுமார் 70 டன் எடையுள்ள ஆங்கிலப் பாய்க்கப்பலே 'என்டர்பிரைஸ்' எனப் பெயர் மாறியது. முயற்சி என்பதே அச்சொல்லின் பொருள்.

அமெரிக்கர் கனடாவின்மீது எடுத்த படையெடுப்பு 1776இல் தோல்வியுற்றது. ஆங்கிலத் தளபதி கார்ல்டன் தெற்கே இறங்க எண்ணினார். ஆனால் ஏரியில் எதிரியின் சிறு கப்பலணி இருந்தமையால், அதனினும் வலிய அணியைக் கட்டாமல் அவரால் நகர இயலவில்லை. ஆற்றின் விரைநீரோட்டம் பெருங்கலங்களை ஏறவிடாது. ஆகவே 'இன்ஃப்ளெக்சிபிள்' என்ற கப்பலைப் பிரித்துக் கொணர்ந்து, செயின்ட் ஜானில் 28 நாளில் மீண்டும் கட்டினர். அதற்குள் கோடை கழிந்துவிட்டது.

அக்டோபர் 11 அன்று வால்கூர் தீவருகே போர் மூண்டது. ஆங்கிலேயரிடமிருந்து பிடிபட்ட மற்றொரு கலமான 'ராயல் சாவேஜ்' தரைதட்டி எரிந்தது. 'என்டர்பிரைஸ்' அன்று மருத்துவக் கலமாக நின்றது. அமெரிக்க அணியில் பெரும்பகுதி அழிந்தது. தப்பித் திரும்பிய சிலவற்றுள் இதுவும் ஒன்று. வென்ற கார்ல்டனோ, பனிக்காலம் நெருங்கியதைக் கண்டு நவம்பரில் கனடாவுக்கே மீண்டார்.

அடுத்த ஆண்டு ஜூலையில் ஆங்கிலப் படை மீண்டும் வந்தது. தரைதட்டிய 'என்டர்பிரைஸ்' பகைவர் கையில் சிக்காதிருக்க, அதனைச் சொந்த நாட்டாரே எரித்தனர். ஆனால், அந்த ஓராண்டு இடைவெளியில் அமெரிக்கர் வலிமை திரட்டியிருந்தனர். 1777 அக்டோபர் 17இல் சரட்டோகாவில் ஆங்கிலப் படை சரணடைந்தது. 1778இல் பிரான்சு அவர்களுக்குத் துணைநின்றது.

அக்கலத்தைப் பிடித்த அர்னால்டு 1780இல் பகைவர் பக்கம் சேர்ந்தார். அவர் பெயர் துரோகத்துக்கு மறுபெயராயிற்று. கலத்தின் பெயரோ அடுத்தடுத்த கப்பல்களில் வாழ்ந்தது. அச்சுறுத்த வந்த பெருங்கப்பலால் 1971இல் போரின் முடிவை மாற்ற இயலவில்லை. பெருவெற்றி எதுவும் காணாத சிறு கலமோ, தன் நாட்டுக்கு ஓராண்டை ஈட்டித் தந்தவற்றுள் ஒன்றாக நின்றது. படையின் பெருமை அதன் அளவில் இல்லை, காலத்தில் செய்த உதவியில் உள்ளது என்பதை நாம் இதனால் உணர்கிறோம்.