வெள்ளியா, எவர்சில்வரா? நடுத்தர வர்க்கம் பற்றிக் கொஞ்சம்

நடுத்தர வர்க்கம் காணாமல் போகுதுன்னு ஆபீஸ் கேண்டீனில் அடிக்கடி ஒரு பஞ்சாயத்து நடக்கும். காணாமப் போற ஆள் யாருப்பான்னு கேட்டா ஆளுக்கொரு அடையாளம் சொல்றாங்க. ஆராய்ச்சிக்காரங்களும் அப்படித்தான். பியூ ஆய்வு மையம் தலைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 20 டாலர்னு கோடு போட்டது. 2020இல் 9.9 கோடியா இருந்திருக்க வேண்டிய இந்திய நடுத்தர வர்க்கம் கொரோனாவால் 6.6 கோடி ஆயிடுச்சுன்னு 2021இல் கணக்குச் சொன்னது. டெல்லி பிரைஸ் அமைப்போ குடும்பத்துக்கு வருஷம் 5 முதல் 30 லட்சம்னு கோட்டை நகர்த்தி, 2020-21லேயே 43 கோடிப் பேர் இருக்காங்கன்னுச்சு. கோட்டை நகர்த்தினா ஜனத்தொகையே மாறுது!

எங்க செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருந்து பார்த்தா வேற ஒண்ணு தெரியுது.

வெள்ளைக்காரன் காலத்துக் கோடு வெளிப்படையானது. சொத்து, வரி, படிப்பு இதில் ஏதாவது இருந்தாத்தான் ஓட்டு. 1917இல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி மாதிரி வக்கீல்கள் அந்தக் கோட்டுக்கு மேலே. லீ பஜார் மண்டிக்காரர்களும் மேலே. மூட்டை தூக்கினவர் கீழே. நடுவில் ரொம்பப் பேர் கிடையாது.

நடுவை அகலமாக்கினதில் பெரிய பங்கு உருக்காலைக்கு. 1967 ஜூலையில் அண்ணா முதல்வரா இருந்தப்போ இதுக்காகவும் 'எழுச்சி நாள்' கொண்டாடினாங்க. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார், 1981இல் உற்பத்தி ஆரம்பம். அங்க வேலை கிடைச்சவருக்கு ஒண்ணாம் தேதி சம்பளம், பி.எஃப்., கிராஜுவிட்டி, மோகன் நகர் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அடுத்த மாசம் மட்டுமில்ல, இருபது வருஷம் கழிச்சு என்ன வரும்னுகூடக் கணக்குப் போடலாம். பொண்ணு குடுக்க வரிசையில நின்னாங்க! (சில்லறை நாணயத்துக்கான எஃகு வில்லைகூட இங்கிருந்துதான் நாணயச் சாலைக்குப் போச்சு. நம்ம பாக்கெட்ல கிடந்ததே சேலம்தாங்க.)

இதே ஊர்லதான் வெள்ளிக் கொலுசுப் பட்டறையும். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம்னு வீட்டுத் திண்ணையிலேயே தொழில். எங்க தாத்தாவும் பட்டறைக்காரர்தான். வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். உருக்கி, கம்பி இழுத்து, பொடி வச்சு ஊதி, மெருகு போட்டு, சேதாரம் கழிச்சு எடைக்கு எடை திருப்பிக் கொடுக்கணும். கிடைக்கிறது கூலி. இடமும் கருவியும் சொந்தம், வெள்ளி சொந்தமில்லை. முதலாளியா தொழிலாளியான்னு தாத்தாவைக் கேட்டா முறைப்பார். ரெண்டு பையன் வேலைக்கு இருந்த வருஷம் முதலாளி, அவரே ஊதுகுழல் பிடிச்ச வருஷம் தொழிலாளி.

தாத்தாவோட நல்ல மாச வருமானத்தைப் பார்த்தா உருக்காலைக்காரரோட போட்டி போடலாம். ஆனா கெட்ட மாசம் வந்தா? அங்க அதை ஆலை தாங்கும், இங்க பாட்டி கழுத்துச் சங்கிலி தாங்கும். என்னைக் கேட்டா நடுத்தர வர்க்கம்னா இந்த வித்தியாசம்தான். கெட்ட மாசத்தோட செலவை வேற யாரோ ஏத்துக்கிட்ட குடும்பம்.

அந்த 'வேற யாரோ' விலகினதுக்குத் தேதியே இருக்கு. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு தமிழக அரசு வேலையில் சேர்ந்தவங்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லைன்னு ஆச்சு. மத்திய அரசில் 2004 ஜனவரி 1. சம்பளம் குறையலை, ஏறத்தான் செஞ்சது. கெட்ட காலம் மட்டும் திரும்ப வீட்டு வாசலுக்கு வந்துடுச்சு.

இப்ப என்னை எடுத்துக்குங்க. தாத்தா கனவில்கூடப் பார்க்காத சம்பளம். 2025 பட்ஜெட்ல 12 லட்சம் வரை வருமான வரி இல்லைன்னதும் கைதட்டின கூட்டத்தில் நானும் உண்டு. ஆனா வீட்டுக் கடன் இருபது வருஷம், வேலையை விட்டுப் போகச் சொல்ல ரெண்டு மாச நோட்டீஸ் போதும். எழுதற கோடும் கம்பெனியோடது, லேப்டாப்பும் கம்பெனியோடது. தாத்தாவுக்காவது ஊதுகுழல் சொந்தம்.

பட்டறைப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 2000களின் தொடக்கத்தில் கிலோ பத்தாயிரத்துக்கும் கீழே இருந்த வெள்ளி, 2025இல் லட்சத்தைத் தாண்டிடுச்சு. வெள்ளிக்காரர்னா கொழிக்கிறார்னு வெளியூர் சொந்தக்காரங்க நினைக்கிறாங்க. விலை ஏற ஏற வியாபாரிக்கு முடங்கற பணம் அதிகம், அதனால கொடுக்கிற வெள்ளி கம்மி. கூலிக்கு எடை குறைஞ்சா வருமானமும் குறையும். ராஜ்கோட், ஆக்ரா மெஷின் கொலுசோட போட்டி தனி.

உங்க ஊர்ல இந்த நடுவை அகலமாக்கினது எது? மில்லா, ரயில்வேயா, பள்ளிக்கூட வாத்தியார் வேலையா? எழுதுங்க, படிக்க ஆசை.