'எனக்குப் புரிந்தது!' – தோட்டத்துப் பிள்ளைகளும் லினக்சும்



பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. அன்றைக்குச் சிலேட்டும் குச்சியும் போதும். இன்றைக்குக் கணினி வேண்டும். கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் பாடுபடுகிறவர்களுக்கு, கணினி வாங்குவதோடு செலவு தீர்ந்துவிடுகிறதா? அதை இயக்கும் மென்பொருளுக்கும் வெள்ளி கேட்கிறார்களே!

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழியாக வந்ததுதான் லினக்ஸ். 1991-இல் பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. காசில்லாமல் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நம்ம லயத்துக் கறிவேப்பிலை மாதிரிதான். பக்கத்து வீட்டுக்கு ஒடித்துக் கொடுத்தால் மரம் குறையவா போகிறது?

ஆனால் வெறும் இயங்குதளம் பிள்ளைக்குப் பாடம் சொல்லாது. 2000-இல் பிரான்சு நாட்டவர் புரூனோ குதுவான் 'ஜிகோம்ப்ரி' என்ற கல்வி மென்பொருளைத் தொடங்கினார். பிரெஞ்சில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னால் 'எனக்குப் புரிந்தது' என்று காதில் விழும்! எண், எழுத்து, கடிகாரம் பார்ப்பது எல்லாம் அதில் விளையாட்டு. ஒரு வேடிக்கை கேளுங்கள். பல ஆண்டுகள் அது லினக்சில் முழுக்க இலவசம். விண்டோசிலோ சில பயிற்சிகள்தாம் திறக்கும், மீதிக்குச் சிறு கட்டணம். வழக்கமாக லினக்ஸ்காரர்தாம் "எங்களுக்கு இல்லையா?" என்று ஏங்குவார்கள். இங்கே தலைகீழ்! பின்னர் அந்தக் கட்டணமும் எடுபட்டது. 2002-இல் அமெரிக்கர் பில் கெண்ட்ரிக் ஆக்கிய 'டக்ஸ் பெயிண்ட்' படம் வரைவதற்கு, தமிழிலும் திறக்கும்.

இவற்றை ஊரறியப் பயன்படுத்தியது கேரளம். 2019-இல் அங்கே அரசின் கைட் நிறுவனம், உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்சை வெளியிட்டது. இரண்டு இலட்சம் கணினிகள், மூவாயிரம் கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். கணக்கு கொஞ்சம் தாராளம் என்றே எனக்குப் படுகிறது. பள்ளிகளுக்கு எப்படியும் தள்ளுபடி உண்டல்லவா? ஆனாலும் ஒன்றை மறக்கக்கூடாது. அந்த மாநிலத்து மூணாறு தேயிலை மலைகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. நம்மைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகள்தாம்!

நம் நாட்டிலும் 2004-இல் அரசு அலுவலகங்களுக்காகத் திறந்தமூல மென்பொருள் திட்டம் ஒன்று வகுக்கப்பெற்றது. 2013 முதல் பள்ளிகளுக்கு வந்த குரோம்புக் கணினிகளின் உள்ளே ஓடுவதும் லினக்ஸ் கருதான். பெயர் தெரியாமலேயே நம் பிள்ளைகள் அதைத் தொட்டிருக்கிறார்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. பல பழைய கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்கமாட்டா. பெற்றோர்களே, பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் ஒரு பென்டிரைவில் லினக்சை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்கலாம். சரிப்படவில்லையா? நிறுத்திவிட்டுப் பென்டிரைவை உருவிவிட்டால் பழையபடி விண்டோஸ்தான்.