உழைப்பில்லங்களில் நோயாளர் பராமரிப்பு (இங்கிலாந்து, 19ஆம் நூற்றாண்டு)

1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தம், உதவி நாடும் வறியோரை ‘ஒர்க்ஹவுஸ்’ எனப்பட்ட உழைப்பில்லங்களுக்குள் தள்ளியது. உடல் வலுவுள்ளோர் அண்டாதிருக்கவே அங்கு கடுமையான விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின் கொடுமையை அனுபவித்தவர்களோ பெரிதும் முதியோரும் நோயாளரும்தான். பயிற்சியற்ற சக வறியோரே செவிலியராக இருந்தனர். லண்டன் ஸ்ட்ராண்ட் இல்லத்தில் நோயாளர் அறைகளின் சன்னலடியில் கம்பளங்களை அடித்துத் தூசு தட்டினர். மருந்துச் செலவை அவ்வில்லத்தின் மருத்துவர் ஜோசப் ரோஜர்ஸ் தம் சொற்பச் சம்பளத்திலிருந்தே ஏற்க நேர்ந்தது.

1865இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் லண்டன் இல்லங்களை ஆய்ந்து அவலங்களை அம்பலப்படுத்தியது. அதே ஆண்டு ஆக்னஸ் ஜோன்ஸ் என்னும் செவிலியர், பயிற்சி பெற்ற செவிலியருடன் லிவர்பூல் இல்லத்தில் பணியேற்றார். 1868இல் டைஃபஸ் காய்ச்சலுக்குப் பலியானார். ‘லான்செட்’ ஆய்வைத் தொடர்ந்து வந்த 1867ஆம் ஆண்டுச் சட்டம், லண்டனின் வறிய நோயாளருக்குத் தனி மருத்துவமனைகள் அமைய வழிவகுத்தது. ஏழைக்கும் முறையான சிகிச்சை தருவது பொதுக் கடமை என்ற நீதி இவ்வாறு சட்டத்தில் இடம்பெறத் தொடங்கியது.