இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிறுவனம், புனே

மகாராட்டிர மாநிலம் புனே நகரின் சட்டக் கல்லூரிச் சாலையில், ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் கல்வி நிறுவனம். 1960-இல் தொடங்கப்பட்டது. திரைப்பட இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, நடிப்பு, கலை இயக்கம், தொலைக்காட்சித் தயாரிப்பு ஆகியவை இங்கே கற்பிக்கப்படுகின்றன. தமிழ்த் திரையுலகில் ‘பூனா இன்ஸ்டிட்யூட்’ என்றால் இதுதான்.

படத்தொழிலை வகுப்பறையில் கற்பிக்கும் முயற்சி நம் நாட்டில் புனேயில் தொடங்கியதன்று. 1945-லேயே சென்னையில் அரசுத் தொழில்நுட்பப் பயிலகத்தில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாடங்களாயின. தரமணியில் இன்று எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் திரைப்படக் கல்லூரி அதன் வழிவந்தது. சென்னையின் நோக்கம் தெளிவானது: ஸ்டுடியோக்களுக்குக் கருவி தெரிந்த ஆட்கள் வேண்டும். புனேயின் நோக்கம் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அதன் வரலாற்றின் சுவையும் சிக்கலும் அந்தத் தெளிவின்மையிலிருந்தே பிறந்தவை.

தோற்றம்

விடுதலைக்குப் பின் படத்தொழிலை ஆராய எஸ்.கே. பாட்டீல் தலைமையில் 1949-இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. போர்க்காலத்துக் கறுப்புப் பணம் படத்தயாரிப்பில் புகுந்து பழைய ஸ்டுடியோக்களைச் சாய்த்துக்கொண்டிருந்த காலம் அது. 1951-இல் வந்த அறிக்கை, பயிற்சிக்கு ஒரு கல்விநிலையமும் நல்ல படங்களுக்குக் கடன் தர ஒரு நிதி நிறுவனமும் வேண்டும் என்றது. அறிக்கை கோப்பில் உறங்கியது ஏறத்தாழ பத்தாண்டு. பிறகு இரண்டும் ஒரே ஆண்டில், 1960-இல், உருவாயின. இந்த உடன்பிறப்பு உறவைப் பலரும் கவனிப்பதில்லை. திரைப்பட நிதி நிறுவனம் மட்டும் இல்லாதிருந்தால் புனேயில் படித்த முதல் தலைமுறை இயக்குநர்களில் பெரும்பாலோர் டிப்ளமோ சான்றிதழோடு வீடு திரும்பியிருப்பார்கள்.

இடம் பற்றிய கதை தனி. 1929-இல் வி. சாந்தாராம், தாம்லே, பத்தேலால் முதலியோர் கோலாப்பூரில் தொடங்கிய பிரபாத் படநிறுவனம் 1933-இல் புனேவுக்குப் பெயர்ந்தது. வெனிஸ் விழாவில் பாராட்டுப் பெற்ற ‘சந்த் துக்காராம்’ (1936) அதன் தயாரிப்பு. பாபநாசம் சிவன் முதன்முதலாக இசையமைத்த தமிழ்ப் படமான ‘சீதா கல்யாணமும்’ பிரபாத்தின் படமே. 1942-இல் சாந்தாராம் விலகினார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நிறுவனம் மூடப்பட்டது. காலியாகக் கிடந்த படப்பிடிப்புத் தளங்களோடு அந்த வளாகத்தை அரசு வாங்கியது. 1961-இல் வகுப்புகள் தொடங்கின.

அறுபதுகள்

முதல் மாணவர்களுள் ஒருவர் அடூர் கோபாலகிருஷ்ணன். காந்திகிராமத்தில் படித்து, திண்டுக்கல் பக்கம் அரசுப் புள்ளிவிவர வேலையில் இருந்தவர், 1962-இல் அதை உதறிவிட்டு அரசு உதவித்தொகையோடு திரைக்கதை படிக்கப் புனே சென்றார். நாடகம் எழுதும் ஆசையில் போனவரைச் சினிமா பிடித்துக்கொண்டது. நல்ல உலகப் படங்களைத் திரையரங்கில் காண வழியில்லாத நாட்டில், ஐசன்ஸ்டைனையும் பெர்க்மனையும் ஓசுவையும் மீண்டும் மீண்டும் பார்க்க முடிந்த ஒரே வளாகம் இது. சதீஷ் பகதூர் படங்களைக் காட்சி காட்சியாகப் பிரித்து ரசனை வகுப்பு நடத்தினார். 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இங்கேயே பிறந்தது. அதைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயர் படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். இங்கே படித்தவர்கள் ஆசிரியர்களுக்கு இணையாக நாயரையும் நினைவுகூர்வார்கள்.

அறுபதுகளின் நடுவில் ரித்விக் கட்டக் துணைமுதல்வராக வந்தார். இருந்தது கொஞ்ச காலமே. தான் எடுத்த படங்களைவிட அந்த ஆசிரியப் பணியையே உயர்வாக மதித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அவரிடம் படித்த மணி கவுல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் மூவரும் மூன்று திசையில் போனார்கள். எவரும் கட்டக்கைப் போலப் படம் எடுக்கவில்லை என்பதே அவர் நல்ல ஆசிரியர் என்பதற்குச் சான்று. மணி கவுலின் ‘உஸ்கி ரோட்டி’, சஹானியின் ‘மாயா தர்பண்’, அடூரின் ‘சுயம்வரம்’ எல்லாம் நிதி நிறுவனக் கடனில் எழுந்தவை. எல்.ஐ.சி. வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்த ஜான், தமிழில் எடுத்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) தேசிய விருது பெற்றது. அதன் ஒளிப்பதிவாளர் ராமச்சந்திர பாபுவும் புனே மாணவர்தான்.

மட்டக்களப்பிலிருந்து வந்து ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திரா வழியாகவே இந்நிறுவனத்தின் பாதிப்பு தமிழ்ப் பொதுரசனையை எட்டியது எனலாம். இயற்கை வெளிச்சத்தை நம்பிப் படம் எடுக்கும் துணிச்சலை ‘அழியாத கோலங்கள்’ (1979), ‘மூன்றாம் பிறை’ (1982) ஆகியவற்றில் பார்க்கலாம். பிற்காலத்தில், 2007-இல், அவர் சென்னையில் ‘சினிமா பட்டறை’யைத் தொடங்கித் தானும் ஆசிரியரானார். அவருக்கு அடுத்த தலைமுறையில் ‘தளபதி’, ‘ரோஜா’, ‘இருவர்’ படங்களின் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனும் இங்கே படித்தவரே.

பயிற்சி முறை

இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு படிக்கும் மாணவர்கள் நால்வர் சேர்ந்தால் ஒரு யூனிட். தொடர்ச்சிப் பயிற்சி, உரையாடல் பயிற்சி, பாடல் பயிற்சி என்று படிப்படியாக ஏறி இறுதியில் டிப்ளமோ படம். பிலிம் விலை உயர்ந்தது. ஒவ்வொரு பயிற்சிக்கும் இத்தனை அடி என்று அளந்தே கொடுப்பார்கள். எனவே காமிராவை ஓட விடுமுன் ஷாட்டை மனத்துக்குள் எடுத்து முடித்திருக்க வேண்டும். ஒலி மாணவர் சொல்வதை இயக்க மாணவர் கேட்டே ஆகவேண்டும் என்ற நிலை, படிநிலை கெட்டிப்பட்ட வணிகத் தளங்களில் கிடைக்காத ஒன்று. 2009-இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ஒலிக்கலவைக்காக ஆஸ்கார் பெற்ற ரசூல் பூக்குட்டி இந்த வார்ப்பில் வந்தவர்.

இந்த முறைக்கு ஒரு விலையும் உண்டு. மூன்றாண்டுப் படிப்பு ஐந்தாறு ஆண்டுகள் இழுக்கும். கருவி பற்றாக்குறை, தளம் கிடைக்காமை, முடியாத டிப்ளமோ படம் எனக் காரணங்கள் பல. 2008-இல் சேர்ந்த மாணவர்கள் 2015-லும் விடுதியில் இருந்தார்கள்.

நடிப்புத் துறை கதை வேறு. ரோஷன் தனேஜாவின் பயிற்சியில் ஜெயா பாதுரி, ஷபானா ஆஸ்மி, நஸிருத்தீன் ஷா, ஓம் பூரி என வரிசையாக வந்தார்கள். கிரீஷ் கர்னாட் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த 1974–75 காலத்தில் நடிப்பு மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிறிது காலத்தில் அத்துறையே மூடப்பட்டது; 2004-இல்தான் திரும்பத் திறந்தது. இவ்வளவு பயன் தந்த ஒரு துறையை ஏறத்தாழ முப்பதாண்டு பூட்டி வைத்ததற்கு ஏற்கத்தக்க நியாயம் எதுவும் இல்லை.

தொலைக்காட்சிப் பிரிவு

1971-இல் டெல்லியில் தொடங்கிய தொலைக்காட்சிப் பயிற்சி மையம் 1974-இல் புனேவுக்கு வந்தது. உடனடித் தேவை இருந்தது: 1975 ஆகஸ்டில் தொடங்கிய செயற்கைக்கோள் கல்வி ஒளிபரப்பு ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களைச் சென்றடைந்தது, அதே மாதம் சென்னைத் தொலைக்காட்சி நிலையமும் பிறந்தது. நிகழ்ச்சி தயாரிக்கத் தெரிந்தவர்களை உருவாக்கும் பொறுப்பு இந்தப் பிரிவுக்கு வந்தது. நெடுங்காலம் தூர்தர்ஷன் ஊழியர்களே இதன் மாணவர்கள். பிற்பாடு வெளியாருக்கும் ஓராண்டுப் படிப்புகள் வந்தன. மூன்றாண்டு திரைப்படப் பிரிவின் கண்ணுக்கு இது என்றும் சின்ன வீட்டுப் பிள்ளைதான்.

2015-க்குப் பின்

2015 ஜூனில், ‘மகாபாரத்’ தொடரில் தருமராக நடித்த கஜேந்திர சவுகான் நிர்வாகத் தலைவராக நியமிக்கப்பட்டதை எதிர்த்து மாணவர்கள் 139 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நியமனம் மாறவில்லை. அப்போராட்டத்தில் பங்கேற்ற பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ 2024-இல் கான் விழாவின் கிராண்ட் பிரி விருதை வென்றது.

அதே விழாவின் மாணவர் படப் போட்டியில் முதல் பரிசு, மைசூரைச் சேர்ந்த மருத்துவரான சிதானந்த நாயக் எடுத்த பதினாறு நிமிடக் கன்னடப் படத்துக்குக் கிடைத்தது. சேவலைத் திருடிச் செல்லும் கிழவியால் ஊரே விடியாமல் இருண்டுவிடும் நாட்டார் கதை அது. நாயக் படித்தது தொலைக்காட்சிப் பிரிவின் ஓராண்டுப் படிப்பு. 2025-இல் கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனத்தோடு புனே நிறுவனமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக டிப்ளமோ மட்டுமே தந்துவந்த இடம் இனிப் பட்டமும் வழங்கலாம்.