வலயமும் வாடகை அறையும்

ஒரு தேசத்தின் கைத்தொழில் வளர்ச்சியை எழுதப் புகுவோர் தொழிற்சாலைகளை எண்ணுவர். ஏற்றுமதி வருமானத்தைக் கூட்டிக் காட்டுவர். அங்கு உழைத்தோர் இரவில் எங்கே உறங்கினர், எவ்வழியாக நடந்து அங்கு சேர்ந்தனர் என்று கேட்போர் மிகச் சிலரே. கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தின் வரலாற்றை அக்கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது நமது கருத்து.

1977இல் பதவியேற்ற ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் திறந்த பொருளாதாரக் கொள்கையை மேற்கொண்டது. 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு உருவாயிற்று. அவ்வாண்டிலேயே, விமான நிலையத்துக்கு அருகில், முதலாவது வலயம் தொடங்கப்பட்டது. பின்னர் பியகமையிலும் கொக்கலையிலும் வலயங்கள் எழுந்தன. அந்நிய மூலதனத்துக்கு நிலம் கிடைத்தது. வீதியும் நீரும் மின்சாரமும் கிடைத்தன. ஆண்டுக்கணக்கில் வரிவிலக்கும் கிடைத்தது. ஆனால், ஆடைத் தொழிற்சாலைகளை நம்பித் தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்த பல்லாயிரம் இளம் பெண்களுக்குப் பாய் விரிக்க ஓர் இடம் அத்திட்டத்தில் இருக்கவில்லை.

மலையகத்தை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத் துரைமார் தொழிலாளரை லயன்களில் அடைத்தனர். லயக் காம்பிரா ஒரு தளையே. வேலையை இழந்தவன் கூரையையும் இழந்தான். எனினும், உழைப்பாளியைக் குடியமர்த்தும் செலவு தன்னுடையதே என்பதைத் தோட்ட முதலாளியால் மறுக்க இயலவில்லை. கட்டுநாயக்காவில் மூலதனம் அச்செலவையும் உதறிவிட்டது. அது தொழிலாளியின் சொற்பச் சம்பளத்தின் மீதே சுமத்தப்பட்டது.

வலயத்தைச் சூழ்ந்த ஊர்களில் வீட்டுக்காரர் தத்தம் வளவுகளில் வரிசையாக அறைகளைக் கட்டினர். சிங்களத்தில் இவற்றை 'போடிம' என்பர். ஒரு சிற்றறையில் நால்வர், ஐவர். சமையலும் அங்கேயே, படுக்கையும் அங்கேயே. கிணறும் மலசலகூடமும் பலருக்குப் பொது. காலை வேலைக்குப் பிந்தாமற் செல்ல வேண்டுமாயின், விடியுமுன்னரே கிணற்றடியில் காத்து நிற்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று வாடகை அறவிடப்படும் இடங்களில், நெருக்கம் கூடக் கூட வருமானமும் கூடும். ஆயினும், வீட்டுக்காரரை மட்டும் குறைகூறி ஆவதில்லை. அரசும் முதலாளியும் கைவிட்ட கடமையே அவர்களுக்கு வியாபாரமாயிற்று.

அறையின் துயரம் இவ்வாறாயின், வழியின் துயரம் வேறொன்று. 1980களின் முற்பகுதியில் பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடை தளர்த்தப்பட்டது. சட்டம் தொழிற்சாலைக் கதவை இரவிலும் திறந்துவிட்டது. ஆனால் அறைக்குத் திரும்பும் ஒழுங்கைகளில் விளக்கேற்ற எவரும் முன்வரவில்லை. மேலதிக வேலை முடித்து இருளில் நடந்தவர்கள் கேலிக்கும் தொல்லைக்கும் ஆளாயினர். சம்பள நாளில் வழிப்பறிக்கும் அஞ்சினர். தையல் இயந்திரத்தின் பெயரைச் சேர்த்து 'ஜூகிப் பெண்கள்' என்று ஊரார் இழித்துரைத்தனர். நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர்களுக்கு நாடு அளித்த பட்டம் இது! வியர்வைத் துளிகள் எனப் பொருள்படும் 'தபிந்து' என்ற பத்திரிகை 1984இல் தோன்றி, இப்பெண்களின் குரலை அச்சிலேற்றியது.

2009இல் போர் முடிந்தபின் வன்னியிலிருந்தும், மலையகத்திலிருந்தும் தமிழ்ப் பெண்கள் இதே வலயத்தை நாடி வந்தனர். பாட்டி லயத்தில் வாழ்ந்தாள். பேர்த்தி போடிமில் வாழ்கிறாள். மொழி வேறாயினும் கிணற்றடி வரிசை ஒன்றே.

2020 மார்ச்சில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது தொழிற்சாலைகள் மூடப்பட்டன, பேருந்துகளும் ஓடவில்லை. ஊர் செல்ல வழியின்றி, உணவுக்கும் தவித்து, பெண்கள் பலர் அறைகளில் முடங்கினர். அவ்வாண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் நோய் பரவியபோது, நாற்பதாண்டுகளாக எவர் கண்ணிலும் படாத அந்த நெருக்கம் திடீரென நாட்டின் பேச்சாயிற்று. பழியோ பெரும்பாலும் நெருக்கத்தை உண்டாக்கியவர் மீதன்றி, அதில் வாழ்ந்தவர் மீதே விழுந்தது.

இப்பெண்களுட் பலரின் வாக்கு பிறந்த ஊரிலே பதிவாகியுள்ளது. அவர்கள் உறங்கும் ஊரின் சபைக்கு அவர்கள் வாக்காளர் அல்லர். ஆதலால் வடிகாலும் வீதிவிளக்கும் கேட்க அவர்களுக்குப் பிரதிநிதியும் இல்லை. உறைவிடமும் அச்சமற்ற பயணமும் சம்பளத்தின் ஒரு பகுதியே என்று கோருவது சலுகை வேண்டுதலன்று. 1978இல் வகுத்த திட்டத்தில் விடுபட்ட கணக்கை இன்றாவது எழுதுங்கள் என்பதே அக்கோரிக்கை. அதனைத் தொழிலாளப் பெண்கள் மட்டுமன்றி, நாம் அனைவரும் எழுப்புதல் வேண்டும்.