குப்பை வண்டி: அன்றும் இன்றும்

செஞ்சிப் பக்கம் பெரியவங்ககிட்ட "குப்பை"ன்னு சொன்னா எருன்னுதான் அர்த்தம். கோடையில் பார்த்துக்கிட்டா, "நிலத்துக்குக் குப்பை அடிச்சாச்சா?"ன்னு கேட்பாங்க. குப்பை வண்டி என்றால் மாட்டு வண்டி. வீட்டிலிருந்து நிலத்துக்குப் போகும். இன்றைக்குக் குப்பை வண்டி ஊருக்கு வெளியே கொட்டப் போகிறது. ஒரே சொல்தான், அர்த்தம் தலைகீழா மாறிடுச்சு.

அப்போ வீட்டில் வீணாப் போறது குறைவு. கழுநீர் மாட்டுக்கு. சாம்பல் பாத்திரம் துலக்க. பழைய துணி பாத்திரக்காரருக்கு, ஓட்டை ஈயம் பித்தளை பேரீச்சம்பழக்காரருக்கு. மிச்சமெல்லாம் சாணத்தோடு சேர்ந்து எருக்குழியில் மக்கும். உடைஞ்ச பானை ஓடு வயலுக்குப் போனாலும் பயிருக்குக் கெடுதல் இல்லை.

இதை வெள்ளைக்காரரும் மதித்தார். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, பயிர்க்கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கி, கிளறிவிட்டு, சுமார் மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். 'இந்தூர் முறை' என்று உலகமே படித்தது.

எங்கே உடைந்தது? 1980களில் ஷாம்பு சின்னப் பாக்கெட்டில் வந்தது. அந்த வியாபாரம் வளர்ந்த ஊர்களில் கடலூரும் ஒன்று. அப்போ நாமளும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அப்புறம் எண்ணெய், பால், தண்ணி எல்லாம் பாக்கெட்டுக்கு மாறிடுச்சு. கூடவே டிராக்டர் வந்து மாடு குறைஞ்சது, யூரியா வந்து குழியை மறந்தோம். பாக்கெட்டும் அதே குழிக்குத்தான் போச்சு. போன கோடையில் எரு அடிச்சப்போ, எருவை இறைச்சதைவிட பாக்கெட்டைப் பொறுக்கினதுதான் அதிக வேலை.

சட்டம் தாமதமாத்தான் வந்தது. 2000-இல் வந்த திடக்கழிவு விதிகள் நகர உள்ளாட்சிகளுக்கு மட்டும். 2016 விதிகள்தான் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் ஆபத்தான கழிவு என்று பிரித்துக் கொடுப்பதை வீட்டுக்காரர் கடமையாக்கின. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம்.

2025 ஜூலையில் நம்ம கோட்டை, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறிடுச்சு. மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். இனி கூட்டமும் வரும், பாட்டிலும் வரும்.

கோட்டையைச் சுத்தம் பண்ண ஆள் போடலாம். என் வயலுக்கு யாரும் வரமாட்டாங்க. அதனால எங்க வீட்டில் இப்போ ரெண்டு கூடை. ஒண்ணு குழிக்கு, இன்னொண்ணு வண்டிக்கு. பிரிச்சுப் போட்டா, குப்பைக்குப் பழைய அர்த்தம் திரும்ப வரும்.