வெட்டிவேர்த் தட்டி: கதவில் நின்ற வெப்பமும் கதவுக்கு வெளியே நின்றவர்களும்

வீட்டின் கார் நிறுத்துமிடத்துக்குக் கதவு தேர்ந்தெடுப்பவர் இன்று ஓர் எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம். ஒற்றை எஃகுத் தகட்டாலான ஷட்டர், உள்ளும் புறமும் ஒரு பாகை வேறுபாடு இருக்கும்போது, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 வாட் வெப்பத்தைக் கடத்துகிறது. இரு தகடுகளுக்கு நடுவே 40 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் நுரை நிரப்பிய பலகை, அதே நிலையில் 0.6 வாட் அளவே கடத்துகிறது. விளிம்பு இடுக்குகளின் வழியே புகும் காற்று இந்தக் கணக்கைக் கெடுக்கும் என்றாலும், ஒப்பீடு தெளிவானது. மின்கட்டணம் எவ்வளவு குறையும் என்பதே அடுத்த கேள்வி.

வெப்பத்தை வாசலிலேயே நிறுத்தும் முயற்சி மின்கட்டணத்துக்கு முந்தியது. வட இந்தியாவில் அதன் நெடுங்காலக் கருவி வெட்டிவேர்த் தட்டி. மூங்கில் சட்டத்தில் வெட்டிவேரை நெருக்கமாகப் பரப்பிக் கட்டி, கதவு நிலையில் பொருத்தி, ஓயாமல் நீர் தெளிப்பார்கள். வெளியிலிருந்து வரும் அனல்காற்று ஈரவேர்களின் ஊடே நுழைந்து, குளிர்ந்து, மணத்துடன் அறைக்குள் வரும்.

வெட்டிவேரின் குளிர்ச்சி பழைய செய்தி. வடமொழியில் அது உசீரம்; காளிதாசனின் சாகுந்தலத்தில் நாயகியின் வெம்மை தணிக்க உசீரப் பூச்சு வருகிறது. அந்த வேரை மனிதர் புகும் இடத்துக்கே சுவராக்கிய வழக்கத்தை அபுல் ஃபஸல், அயினி அக்பரியில், அக்பரின் ஆணையால் பரவியதாக எழுதுகிறார். அவ்வகைக் குடிலுக்குக் கஸ்கானா என்று பெயர். நீர் ஊற்றினால் கோடையின் நடுவே குளிர்காலம் வந்துவிடும் என்பது அவர் கூற்றின் சாரம். அரசவை வரலாற்றாசிரியர்கள் நல்லன அனைத்தையும் அரசர் கணக்கில் எழுதுவது வழக்கம். ஆகவே கண்டுபிடிப்பின் பெருமையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று: நீரை ஊற்றியவர் யார் என்பதை அந்தக் குறிப்பு சொல்வதில்லை.

அந்த ஆட்களை பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியேயின் எழுத்தில் காணலாம். 1663-இல் தில்லியிலிருந்து எழுதிய கடிதத்தில், செல்வர் இல்லங்களின் கஸ்கானாக்கள் நீர்த்தொட்டிக்கு அருகில் அமைக்கப்படுவதை அவர் விவரிக்கிறார். பணியாளர்கள் தோல்பைகளில் நீர் கொணர்ந்து வெளிப்புறத்தை எளிதில் நனைப்பதற்காகவே அந்த இடத்தேர்வு. கட்டடத்தின் இடத்தைத் தீர்மானித்தது நீர் சுமப்பவரின் நடைதூரம் என்பது இதிலிருந்து விளங்கும்.

கும்பெனி ஆட்சியில் கஸ்கானா, பங்களாவின் மேற்குக் கதவுக்கு வந்து சேர்ந்தது. கங்கைச் சமவெளியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை மேற்கிலிருந்து வீசும் லூ என்னும் அனல்காற்றே இதற்குக் காரணம். காலையிலேயே மற்றக் கதவுகளையும் சன்னல்களையும் அடைத்துவிட்டு, காற்று வரும் வாயிலில் மட்டும் தட்டியை நிறுத்துவார்கள். காற்று நின்றால் தட்டி பயனற்றது. இந்தக் குறைக்கு 1830-களில் பரவிய மாற்று, தெர்மாண்டிடோட் என்னும் பெரிய மரப்பெட்டி. அதன் பக்கங்களில் ஈரத் தட்டிகள், உள்ளே தானியம் தூற்றும் எந்திரத்தைப் போன்ற விசிறி. அலகாபாத்தில் வாழ்ந்த ஃபேனி பார்க்ஸ், 1850-இல் வெளியான தம் பயண நூலில் இதைப் பற்றி எழுதியுள்ளார். அந்த விசிறியைக் கையால் சுற்ற ஆட்கள் வேண்டும்.

இந்தத் தொழில்நுட்பத்தின் இயற்பியல் வியப்பூட்டுவது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மின்கணக்கில் இது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் ஆவியானால், ஒரு டன் குளிர்சாதனம் அகற்றும் வெப்பத்துக்கு அது ஈடு. அதே ஒரு லிட்டரைப் பத்து மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவரத் தேவைப்படும் ஆற்றலோ 98 ஜூல் மட்டுமே. செலவிட்ட ஆற்றலைப் போல் இருபத்து நான்காயிரம் மடங்கு பலன். எல்லை ஒன்று உண்டு: காற்று உலர்ந்திருக்க வேண்டும். 42 பாகை வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றை இம்முறையில் 24 பாகை அளவுவரை தணிக்க இயலும். 36 பாகையும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடலோரக் காற்றோ 30 பாகைக்குக் கீழ் இறங்காது. தட்டியின் தாயகம் வறண்ட வடக்காக அமைந்தது இதனால்தான்.

மின்சாரமின்றி வீட்டைக் குளிர்வித்த முன்னோர் அறிவு என்று தட்டி இன்று போற்றப்படுகிறது. மேற்கண்ட கணக்கு அந்தப் புகழ்ச்சிக்கு ஆதாரம் போலவே தோன்றும். ஆனால் ஜூல் என்னும் அளவைக்குள் அடங்காத செலவு ஒன்று இங்கே இருக்கிறது. நீர் சுமப்பவர் தம் உழைப்பை ஜூல் கணக்கில் விற்கவில்லை. நாள் கணக்கில் விற்றார். தட்டி காயாமல் இருக்க, பகலின் மிகக் கொடிய மணிநேரங்களில் அவர் தட்டியின் வெளிப்பக்கம் நின்றாக வேண்டும். பங்கா இழுப்பவரின் கயிறு பெரும்பாலும் சுவரின் துளை வழியே தாழ்வாரத்துக்குச் செல்லும். அவர் அங்கே அமர்ந்து இழுப்பார். உள்ளே இருந்தவருக்குக் கிடைத்த குளிர்ச்சி, அதை உண்டாக்கியவருக்குக் கிடைக்காதவாறு கட்டடமே அமைக்கப்பட்டிருந்தது. கண்ணயர்ந்த பங்காக் கூலிகள் ஐரோப்பிய எசமானரால் தாக்கப்பட்டதும், சிலர் உயிரிழந்ததும், குற்றவாளிகள் சிறு தண்டனையோடு தப்பியதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இதழ்கள் கண்டித்து எழுதிய செய்திகள்.

மொழியும் இந்த வரலாற்றின் தடத்தை வைத்திருக்கிறது. வெட்டிவேர் என்னும் தமிழ்ச்சொல் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நறுமணப் பொருளின் பெயராக நிலைத்தது. தமிழில் தட்டி இன்றும் மறைப்பையே குறிக்கிறது. இந்தியில் டட்டி என்னும் சொல், மறைப்பு என்ற பொருளிலிருந்து மறைவிடம், கழிப்பிடம் எனத் தாழ்ந்து, இன்று பொது இடத்தில் சொல்லக் கூசும் சொல்லாகிவிட்டது. நீர் சுமப்பவரைக் குறிக்கும் பிஷ்தி என்னும் சொல்லின் மூலம், சொர்க்கத்தைச் சார்ந்தவர் என்று பொருள்படும் பாரசீகச் சொல். வேரின் பெயர் சந்தையில் உயர்ந்தது. நீர் சுமந்தவருக்கோ பெயரில் மட்டுமே சொர்க்கம் கிட்டியது.

1899-இல் கல்கத்தாவில் பொது மின்வழங்கல் தொடங்கிய பின், பங்காக் கயிற்றின் இடத்தை மின்விசிறி மெல்லப் பிடித்தது. நலமுள்ள ஒருவர் நாள் முழுவதும் தொடர்ந்து செய்யக்கூடிய உடலுழைப்பின் திறன் ஏறக்குறைய 75 வாட் என்று கொள்வது வழக்கம். சாதாரணக் கூரை விசிறி ஒன்றின் தேவையும் அதுவே. பத்து மணிநேரம் சுழலும் ஒரு விசிறி, ஒரு மனிதரின் ஒரு நாளைய உழைப்பை முக்கால் யூனிட்டாக மாற்றிக் காட்டுகிறது. அதுவரை வேலையாள் சம்பளம் என்ற தலைப்பில் எழுதப்பட்ட செலவு, மீட்டர் வந்த பிறகே ஆற்றல் என்னும் பெயர் பெற்றது. வீட்டு ஆற்றல் சிக்கனம் என்னும் கருத்தும் அந்த மீட்டரோடு பிறந்ததே.

இன்று அக்கருத்துக்கு விதிமுறை வடிவம் உண்டு. 2001-ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 2007-இல் வணிகக் கட்டடங்களுக்கான நெறிமுறையும், 2018-இல் குடியிருப்புகளுக்கான எக்கோ நிவாஸ் சம்ஹிதையும் வெளியாயின. பின்னது, குளிர்மண்டலம் நீங்கலாக, கூரையை விடுத்த வீட்டுப் புறப்பரப்பின் வழியே உட்புகும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற உச்ச வரம்பை விதிக்கிறது. சுவரும் சன்னலும் கதவும் இக்கணக்கில் அடங்கும். நல்ல வெப்பக்காப்பு, நாளும் ஓர் ஆள் நின்று நனைக்க வேண்டிய தேவையை ஒழிக்கிறது. அவ்வகையில் அது தட்டியைவிட நேர்மையான தொழில்நுட்பம்.

எனினும் எல்லா விதிமுறைகளையும் போல இதுவும் கதவின் உட்பக்கத்திலிருந்தே அளக்கிறது. அறையிலிருந்து அகற்றும் வெப்பத்தையும், தான் உண்ணும் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டி வெளியே தள்ளுகிறது. அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தின் ஓரத்தில், அந்த வெப்பக்காற்று வீசும் பக்கமாக நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர் காவலாளி. அக்பர் காலத்துக் குறிப்பு நீர் ஊற்றியவரை விட்டுவிட்டதைப் போலவே, வாட்டில் எழுதப்படும் இன்றைய கணக்கும் அவரை விட்டுவிடுகிறது. கதவைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கும் என்று கேட்பது சரியான கேள்வி. தடுக்கப்பட்ட வெப்பம் யார்மீது விழுகிறது என்பதையும் அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.